டை காயும் நேரம்

“ஆடாம அசையாம இருங்க அண்ணாச்சி, அரை மணி நேரம். சொறியப்படாது. தொடப்படாது. பேசுனாலும் மீசைய ஆட்டாமப் பேசணும்” என்று சட்டம் போட்டுவிட்டு இசக்கிமுத்து பிரஷ்ஷைக் கிண்ணத்துக்குள் போட்டான். சிவசைலம் கண்ணாடியைப் பார்த்தார். கழுத்திலிருந்து முழங்கால் வரை வெள்ளைத் துணி, அதற்கு மேலே கறுப்புக் களிம்பு அப்பிய ஒரு மண்டை, மூக்குக்குக் கீழே இன்னொரு கறுப்புப் பூச்சு. டெலிபோன் இலாகாவில் ஆயுள் பூராவும் உழைத்து ஓய்வு பெற்ற மனுஷனின் முகமாகவா இருக்கிறது இது? தார் டின்னுக்குள் தலையை விட்டு எடுத்தவன் மாதிரி இருந்தது. இருக்கட்டும். டை அடித்துக்கொண்டால் கல்யாணத்துக்குச் சம்மதம் என்று அர்த்தமாகிவிடுமா? ஆகாது. அறுபது வயதில் ஒருவன் தலைக்கு டை அடிக்க ஆயிரம் காரணம் இருக்கும். பென்ஷன் ஆபீஸில் போட்டோ கேட்டிருக்கலாம். சும்மா ஒரு மாறுதலுக்கு அடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு வீட்டுக்குப் போக வேண்டியிருப்பதால்தான் அடிக்கிறான் என்று எவனும் நிரூபிக்க முடியாது. போவதென்று இன்னும் முடிவே ஆகவில்லையே. “அஞ்சு மணிக்கு என் தம்பி வாரான். நீங்க வந்தியன்னா சரின்னு அர்த்தம். வரலைன்னா இல்லைன்னு எடுத்துக்கிடுதேன், கோவப்பட மாட்டேன், அப்புறமும் வாய்க்கால் கரையில பாத்தா பேசுவேன்” என்று ஓய்வு பெற்ற நர்ஸ் தங்கபுஷ்பம் சொன்னபோது அவள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. ஊசி போடுவதற்கு முன்னால் கையைத் தளர்த்தி வைக்கச் சொல்வாளே, அதே குரல். அவர்தான் கையை இறுக்கிக்கொண்டார். கோபப்பட மாட்டாளாம். அப்புறமும் பேசுவாளாம். கோபப்பட்டால்கூடத் தேவலை. இடது காதுக்கு மேலே லேசாக அரிக்க ஆரம்பித்தது.

சலூன் டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது என்று சொல்வது மரியாதைக்காக. கத்திக்கொண்டிருந்தது என்பதே சரி. இரண்டு தேசங்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. ஒரு தேசத்து மந்திரி, தேவைப்பட்டால் அணு ஆயுதத்தைப் பயன்படுத்தத் தயங்க மாட்டோம் என்று சொல்லியிருந்தாராம். அதை முரசு அடித்துத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். நடுநடுவே செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை என்று ஒரு நகைக்கடை விளம்பரம் வந்து போனது. சேதாரம் இல்லையாம்! சிவசைலத்துக்குச் சிரிப்பு வந்தது. மீசையை ஆட்டக்கூடாதே என்று சிரிப்பை மூக்கு வழியாக விட்டார். “இங்கன போடுவானா அண்ணாச்சி? அம்பாசமுத்திரத்துல?” என்று இசக்கிமுத்து கத்தரியைத் துடைத்துக்கொண்டே கேட்டான். வாடிக்கையான கேள்விதான். ஊரில் யாருக்கு வயிற்றுவலி என்றாலும் டாக்டரைக் கேட்பதுபோல, உலகத்தில் எங்கே குண்டு என்றாலும் சிவசைலத்தைக் கேட்பார்கள். “இங்கன எதுக்குல போடுதான், வாழைத்தாரு இருக்குன்னா?” என்றார் உதட்டைப் பிரிக்காமல். “அப்பம் சரி. ஜாலிதான்.” “என்னத்த ஜாலி? எங்கயோ போட்டாலும் புகை மேல போயி வெயில மறைச்சுப்போடும். வெயிலு இல்லன்னா நெல்லு வெளையாது. நீ அரிசிக்கு எங்க போவ?” இசக்கிமுத்து கொஞ்சம் யோசித்தான். “சப்பாத்தி திங்க வேண்டியதுதான்” என்றான். கோதுமை மட்டும் இருட்டில் விளையுமா என்று கேட்க வாயெடுத்து, மீசை ஞாபகம் வந்து சிவசைலம் பேசாமல் இருந்துவிட்டார். இப்படித்தான், ஒவ்வொரு முறையும் கடைசி வாக்கியத்தைச் சொல்ல முடியாமல் போகிறது. வாலிபத்திலிருந்தே.

வாலிபத்திலிருந்தே என்றால், அந்த நூலகத்து மர பெஞ்சிலிருந்து. ஒரு பத்திரிகையில் படம் போட்டிருந்தான். நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி வட்டம், வட்டத்துக்கு வெளியே வட்டம். முதல் வட்டத்துக்குள் இருப்பவன் ஆவியாவான், இரண்டாவதில் இருப்பவன் வேவான், மூன்றாவதில் இருப்பவன் கண்ணாடிச் சில்லு குத்திச் சாவான், அதற்கும் வெளியே இருப்பவன் மெதுவாகச் சாவான். அதைப் படித்த ராத்திரி சிவசைலம் ஜில்லா வரைபடத்தை விரித்து வைத்து, திருநெல்வேலி ஜங்ஷனில் காம்பஸ் முள்ளை ஊன்றி வட்டம் போட்டார். அம்பாசமுத்திரம் எல்லா வட்டத்துக்கும் வெளியே இருந்தது. அப்பாடா என்று இருந்தது. மறு நிமிஷம், ஜங்ஷனுக்குப் பின்னால் குடியிருக்கும் செண்பகச் சித்தியின் ஞாபகம் வந்தது. முதல் வட்டத்துக்குள் நின்றுகொண்டு சித்தி முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். அப்பாடா என்று நினைத்ததற்கு வெட்கமாகிவிட்டது. அன்றைக்குப் பிடித்த பயம். காய்ச்சல் மாதிரி வந்து போகிற பயமாக இருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி ஊருக்குத் திரும்பாமல், துண்டு சோப்பு எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு தங்கிவிட்டதுபோல இது தங்கிவிட்டது. கல்லூரி ஆண்டு விழாவில் அதைப் பற்றிப் பேசினார். மணியடித்தும் இறங்கவில்லை, மைக்கை அணைத்தார்கள். அன்று முதல் அவர் அணுகுண்டு சிவசைலம். தபால்காரர்கூட அப்படித்தான் கேட்பார். கடையத்தில் பெண் பார்க்கப் போனபோது கேசரி, வாழைக்காய் பஜ்ஜி, எல்லாம் நன்றாகத்தான் போனது. பெண்ணின் அப்பா, எதிர்காலத் திட்டம் என்ன மாப்பிள்ளை என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார். இன்னும் அஞ்சு வருஷம் உலகம் இருக்குமா என்பதே சந்தேகம் மாமா என்று ஆரம்பித்தார் சிவசைலம். பெண் உள்ளே போனாள். கேசரித் தட்டும் உள்ளே போனது. அந்தப் பெண்ணுக்கு இன்று பேரன் பேத்தி பிறந்தாகிவிட்டது. சந்தையில் பார்க்கும்போதெல்லாம், “என்னண்ணே, இன்னும் வெடிக்கலையா?” என்று ஆசையாகத்தான் விசாரிப்பாள். சரிதான், வெடிக்கவில்லை. வெடிக்காததற்காக ஒருவன் வெட்கப்பட வேண்டியிருப்பது உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொள்வார். அரிப்பு இப்போது உச்சிக்கு வந்துவிட்டது.

உச்சியைச் சொறியக் கூடாது. வேறு எதையாவது நினைக்க வேண்டும். அணிலை நினைப்போம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தபோது ஒரு நாள் ஊர் பூராவும் ஊமையானது. தலைகீழாக நின்று தேடிப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு அணில், கேபிளைக் கடித்துவிட்டு அங்கேயே செத்துக் கிடந்தது. மேலதிகாரிகள் ஜீப்பில் வந்து அந்த அணிலைச் சுற்றி நின்று பார்த்தார்கள். சிவசைலம் அன்றைக்குத்தான் தன் பயத்தின் ஆணிவேரைக் கண்டுகொண்டார். கெட்டவனைக் கண்டு அவருக்குப் பெரிய பயம் இல்லை. கெட்டவனுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கும், யோசிப்பான். அணில் யோசிக்காது. உலகம் பூராவும் பன்னிரண்டாயிரம் குண்டுகளை வைத்துக்கொண்டு, அத்தனைக்கும் வயர் இழுத்து வைத்திருக்கிறானே, அந்த வயர் எல்லாம் என்ன வயர்? நம்ம கேபிள் மாதிரிதானே? அதற்கும் மழை பெய்யும்தானே? அவர் தேடித் தேடிப் படித்தார். கிரீன்லாந்தில் ஒரு ரேடாரில் ஒரு நாள் ராக்கெட் வருகிறது, ராக்கெட் வருகிறது என்று காட்டியதாம். எல்லாரும் பதறினார்கள். வந்தது நிலா. சாதாரண நிலா, தினம் உதிக்கிற நிலா. இன்னொரு நாள் ரஷ்யாக்காரனுக்கு மேகத்தில் பட்ட வெயில் ஏவுகணையாகத் தெரிந்தது. டூட்டியில் இருந்த அதிகாரி, இது மெஷினின் கோளாறாகத்தான் இருக்கும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவன் ஒருவன் அவசரக்குடுக்கையாக இல்லாததால் நாமெல்லாம் இன்றைக்குக் காப்பி குடிக்கிறோம். அதைவிட, அமெரிக்காவில் ஒரு கரடி. ராணுவ வேலியில் ஒரு கரடி ஏறியதைக் காவல்காரன் மனுஷன் என்று நினைத்து அலாரத்தை அழுத்த, இன்னொரு ஊரில் வயர் மாறிப் போர் அலாரமே அடித்து, அணுகுண்டைச் சுமந்த விமானங்கள் கிளம்பத் தயாராகிவிட்டன. ஒருத்தன் காரை எடுத்துக்கொண்டு ஓடுபாதையிலேயே போய் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு நிறுத்தினானாம். இதை ஒரு முறை இசக்கிமுத்துவிடம் சொன்னபோது அவன் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. “கரடி அப்பிடித்தான் அண்ணாச்சி. பாபநாசத்துல மலையிலருந்து எறங்கி வந்து கோயில் வெளக்கு எண்ணெயக் குடிச்சுட்டுப் போயிருதுல்லா? அதுக்கு வேலி என்ன, கோயிலு என்ன?” என்றான். அதேதான். அதுக்கு வேலி என்ன? இதை ஐக்கிய நாடுகள் சபையில் போய் இசக்கிமுத்துவே சொல்லலாம். அந்தச் சமயம் பார்த்துத் தெருவில் ஒரு ஆட்டோ, கூரையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஊர்ந்து வந்தது. “பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. பல ஆண்டுகளாகப் பழுதடைந்திருந்த நம் நகராட்சிச் சங்கு பழுது நீக்கப்பட்டு, இன்று மாலை சோதனை முறையில் ஒலிக்கப்படும். பொதுமக்கள் யாரும் பதற்றமடைய வேண்டாம் என்று…” ஆட்டோ சொன்னது தெருவில் எல்லார் காதிலும் விழுந்தது. பூக்காரி காதில் விழுந்தது, எதிர்க் கடையில் தூங்கிக்கொண்டிருந்தவர் காதில்கூட விழுந்தது. சிவசைலத்தின் காது அப்போது கிரீன்லாந்தில் நிலா பார்த்துக்கொண்டிருந்தது. “அந்தக் காலத்துல நேரம் சொல்ல ஊதுன சங்கு அண்ணாச்சி, திரும்ப ஊதப் போறானாம்” என்று இசக்கிமுத்து சொன்னதற்கும் அவர் “ம்ம்” என்றார். அவனும் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எதிர்க் கடைக்குப் போய்விட்டான்.

நிலாவிலிருந்து புஷ்பத்துக்கு வருவதற்கு அதிகத் தூரம் இல்லை. நாய் கடித்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓடியபோதுதான் முதலில் பார்த்தார். வரிசையில் நின்ற நேரத்தில் பக்கத்தில் இருந்த ஆளிடம், கடித்த நாயைப் பற்றி ஆரம்பித்த பேச்சு எப்படியோ வழக்கம்போல ஏவுகணைக்குப் போய்விட்டது. அந்த ஆள் சிரித்தான். வரிசையே சிரித்தது. ஊசியைக் கையில் பிடித்திருந்த சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. “எதுக்குச் சிரிக்கிய? அவுக சொல்லுதது நெசந்தான? நான் தீக்காய வார்டுல ரொம்ப நாள் இருந்தவ. வெந்து வந்த ஒரு ஆளக் கவனிக்க நாலு பேரு பத்தாது. ஊரே வெந்துச்சுன்னா யாரு யாருக்குக் கட்டுப் போடுவா? கட்டுப் போடுதவளும்லா வெந்து கிடப்பா?” என்றாள். வரிசை அடங்கிவிட்டது. சிவசைலத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு ஜீவன் அவருடைய கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டது! அதே மூச்சில், “கைய லூசா விடுங்க” என்று சொல்லி ஊசியையும் ஏற்றிவிட்டாள். அடுத்த ஊசிக்கு அவள் சொன்ன நாளுக்கு முன்னாலேயே போய் நின்றார். “இன்னும் நாள் இருக்கே” என்றாள். “தெரியும் சிஸ்டர், ஞாபகப்படுத்திட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார். நல்ல வேளை, நாய் இன்னும் நாலு இடத்தில் கடித்திருக்கக் கூடாதா என்று நினைத்ததை வெளியே சொல்லவில்லை. அவள் ஓய்வு பெற்ற பிறகு வாய்க்கால் கரையில் சாயங்கால நடையில் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணம் ஆகாதவள். இரண்டு தம்பிகளைக் கரையேற்றி முடித்தபோது தலை நரைத்திருந்தது. அவள் டை அடிப்பதில்லை. வெள்ளை வெளேரென்று ஒரு கொண்டை, அதில் ஒரு துண்டுப் பிச்சிப்பூ. ஒரு நாள் வீட்டுக்கு வந்தபோது மாடிப்படிக்கு அடியில் அவர் சேர்த்து வைத்திருக்கும் சாமான்களைக் காட்டினார். குண்டு விழுந்தால் வேண்டுமே என்று வைத்திருந்த தண்ணீர் டிரம், மெழுகுவத்தி, பேரீச்சம்பழம், பேட்டரி ரேடியோ, ஜன்னலை ஒட்டுவதற்கு டேப், மருந்துப் பெட்டி, ஒரு தட்டு. வேறு எவருக்கும் அதை அவர் காட்டியதில்லை. அவள் முழங்காலை மடித்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். “டெட்டால் தேதி முடிஞ்சு போச்சே சார். பஞ்சுல கரப்பான் ஏறியிருக்கு” என்றாள். மறுநாள் புது டெட்டாலும் பஞ்சும் வாங்கிக்கொண்டு வந்து வைத்தாள். அப்புறம் ஒரு தட்டுக்குப் பதிலாக இரண்டு தட்டு வைத்தாள். “ஒரு தட்டுதான் இருக்கு. யாராவது கூட வந்தா எதுல திம்பாவ?” அதைத்தான் சிவசைலத்தால் மறக்க முடியவில்லை. எவர்சில்வர் தட்டு. இரண்டு.

இரண்டு. அங்கேதான் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. தனி ஆளாக இருக்கிறவரை கணக்கு சுலபம். சைரன் ஊதினால் என்ன செய்வது என்று பல வருஷமாக ஒத்திகை பார்த்து வைத்திருக்கிறார். எங்கே இருந்தாலும் வீட்டுக்கு ஓட வேண்டும், ஜன்னலைச் சாத்த வேண்டும், மாடிப்படிக்கு அடியில் குப்புறப் படுத்துக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். பக்கத்து நாட்டிலிருந்து கிளம்பினால் ஆறேழு நிமிஷம். சலூனிலிருந்து இடது பக்கம் திரும்பினால் இரண்டே நிமிஷத்தில் வீடு. போய்ச் சேர்ந்தால் சேர்ந்தான், இல்லையென்றால் இல்லை. ஒரு உயிர், ஒரு பயம். அவளும் வந்துவிட்டால்? ஒவ்வொரு ராத்திரியும் இரண்டு பேருக்குப் பயப்பட வேண்டும். கீரை வாங்கப் போனவள் திரும்பி வருகிறவரை பயப்பட வேண்டும். அவள் கையில் ஒரு சின்னக் கொப்புளம் வந்தாலும் அந்தப் பத்திரிகைப் படம் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். செண்பகச் சித்தியை முதல் வட்டத்துக்குள் வைத்துப் பார்த்ததே இத்தனை வருஷம் தாங்குகிறது. இவளை வைத்துப் பார்க்க முடியுமா? அவளிடமே இதைச் சொல்லவும் செய்தார், வாய்க்கால் மதகில் உட்கார்ந்துகொண்டு. “பயம் ரெண்டாயிரும் சிஸ்டர்.” “மொதல்ல அந்தச் சிஸ்டர விடுங்க” என்றாள். “பயம் போகும்னு நான் சொல்லல. எனக்கும் பயந்தான். அது பட வேண்டிய பயந்தான். நான் கேக்குதது வேற. பயந்துகிட்டே எங்கூட இருப்பியளா, மாட்டியளா?” அதற்குப் பிறகுதான் அந்த அஞ்சு மணிக் கெடு. பயந்துகொண்டே இருப்பீர்களா! என்ன கேள்வி இது? இப்படி ஒரு கேள்வியை எந்தப் பரீட்சையிலும் கேட்டதில்லை. சிவசைலம் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். நெற்றியில் ஒரு கறுப்புத் துளி வழிந்து புருவத்தின்மேல் நின்றது. டிவியில் வட்ட மேஜை போட்டு நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஒருவர் நம்மிடம் இத்தனை குண்டு என்றார், இன்னொருவர் அவர்களிடம் அத்தனை என்றார். கோலிக்குண்டு எண்ணுகிற பிள்ளைகள்கூட இவ்வளவு குஷியாக எண்ண மாட்டார்கள். இந்த லட்சணத்தில் இருக்கிற உலகத்தில், அறுபது வயதில், நன்றாக இருக்கிற ஒருத்தியைக் கூப்பிட்டு என் பயத்தில் பாதியை நீ வாங்கிக்கொள் என்று சொல்வது நியாயமா? நியாயமே இல்லை. போகக் கூடாது. ஆமாம், அதுதான் சரி. இசக்கி வந்ததும் தலையைக் கழுவிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்ப் பழைய சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வது. நாளைக்கு வாய்க்கால் கரையில் அவளும் கோபப்படாமல் பேசுவாள், நாமும் பேசலாம், மழையைப் பற்றி, விலைவாசியைப் பற்றி. முடிவு எடுத்தாகிவிட்டது. முடிவு எடுத்தால் நிம்மதி வரும் என்பார்கள். நிம்மதி வரவில்லை. அரிப்பும் நிற்கவில்லை. எந்த முடிவுக்கும் கட்டுப்படாத அரிப்பு.

அப்போதுதான் அது ஊதியது. முதலில் அடி வயிற்றிலிருந்து வருவதுபோல ஒரு முனகல், அப்புறம் மேலே, மேலே, இன்னும் மேலே ஏறி ஊர்க் கூரைகள் எல்லாவற்றின் மேலும் விரிந்து நின்றது. சலூன் கண்ணாடி அதிர்ந்தது. சீப்புகள் டம்ளருக்குள் கடகடத்தன. டிவியில் அதே நேரம் பார்த்துச் சிவப்பு எழுத்தில் ‘பரபரப்பு’ என்று வந்தது. சிவசைலம் எழுந்தது அவருக்கே தெரியாது. எத்தனை வருஷமாகக் காத்திருந்தது, கடைசியில் வந்தேவிட்டது, இந்தக் கோலத்திலா வர வேண்டும், மெஷின் கோளாறாக இருக்கலாம், கரடியாக இருக்கலாம், அணிலாக இருக்கலாம், இருந்தாலும் ஆறேழு நிமிஷம், ஆறேழு நிமிஷம்தான். படியில் இறங்கும்போது ஒரு செருப்பு கழன்றது. இடது பக்கம் வீடு. மாடிப்படி, டிரம், டேப், புது டெட்டால், இரண்டு தட்டு. இத்தனை வருஷ ஒத்திகையும் இடது பக்கம்தான். கால் வலது பக்கம் திரும்பியது. கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணி பின்னால் பறக்க, மண்டையில் களிம்பும் மீசையில் களிம்புமாக ஒற்றைச் செருப்போடு அணுகுண்டு சிவசைலம் ஓடினார். டீக் கடையிலிருந்து இசக்கிமுத்து, “அண்ணாச்சி! எங்க ஓடுதிய! அது சங்கு அண்ணாச்சி, நம்ம முனிசிபாலிட்டிச் சங்கு! டை கண்ணுல எறங்கிரும்!” என்று டம்ளரோடு பின்னாலேயே ஓடிவந்து, பாதி வழியில் சிரிப்பு தாங்காமல் உட்கார்ந்துவிட்டான். எதுவும் காதில் ஏறவில்லை. சங்கின் ஊளை மட்டும் ஏறியது. பூக்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினாள். ஜனங்கள் ஏன் இப்படி நிதானமாக நடக்கிறார்கள், ஏன் ஒருத்தரும் ஓடவில்லை, பாவம், தெரியவில்லை, யாருமே இவர்களுக்குச் சொல்லவில்லை, நான் சொன்னபோது சிரித்தார்கள். ஒருத்தி சிரிக்கவில்லை. அவள் தனியாக இருப்பாள். மேல ரத வீதி திரும்பி, நாலாவது வீடு, பச்சைக் கதவு. “புஷ்பம்!” என்று தெருவே அதிரக் கத்தினார். சிஸ்டர் என்று கூப்பிட நேரம் இருக்கவில்லை.

கதவைத் திறந்தவள் ஒரு கையில் கரண்டியோடு நின்றாள். உள்ளே நெய் மணத்தது. அவளுக்குப் பின்னால், நேரத்தோடேயே வந்துவிட்ட தம்பி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தான். “சைரன்” என்றார் சிவசைலம். மூச்சு வரவில்லை. “கேட்டியளா… நேரம் இல்ல… உள்ள போங்க, ஜன்னல அடைங்க, சுவரு ஓரமா…” அவள் அவரை மேலிருந்து கீழே பார்த்தாள். களிம்பைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், ஒற்றைச் செருப்பைப் பார்த்தாள். சங்கு மெல்ல இறங்கி, முனகி, அடங்கியது. எங்கேயோ ஒரு நாய் மட்டும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. “அது முனிசிபாலிட்டிச் சங்கு” என்றாள் அவள், மெதுவாக, வார்டில் பேசுகிற மாதிரி. “ரிப்பேர் பாத்து ஊதிப் பாக்குதான். மத்தியானத்துலருந்து ஆட்டோவுல சொல்லிக்கிட்டே போனானே, கேக்கலையா?” சிவசைலம் வானத்தைப் பார்த்தார். நீலமாக, ஒன்றும் ஆகாமல் இருந்தது. ஒரு பட்டம் பறந்தது. சிரிப்பு வருமா அழுகை வருமா என்று தெரியவில்லை. எதிர் வீட்டுக்காரர்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. “ஒண்ணு கேக்கட்டுமா? உங்க வீடு இந்தப் பக்கம் இல்லையே. மாடிப்படிக்கு அடியில எல்லாம் சேத்து வச்சிருக்கியளே, அங்க போயிருக்கலாம்லா? இங்க எதுக்கு ஓடியாந்திய?” சிவசைலம் பதில் தேடினார். சலூனில் எடுத்த முடிவு ஒன்று இருந்ததே, அதைத் தேடினார். காணவில்லை. வழியில் செருப்போடு அதுவும் கழன்று விழுந்திருக்க வேண்டும். “தெரியல” என்றார். “காலு இங்கனதான் திரும்புச்சு.”

தங்கபுஷ்பம் கரண்டியைத் தம்பி கையில் கொடுத்தாள். “கேசரியக் கிண்டு, அடிப்பிடிச்சிரும். அஞ்சு மணிக்குச் சொல்லுதேன்னவுக முன்னாலயே வந்து சொல்லிட்டாக” என்றாள். தம்பிக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதியே போதுமென்று அவன் பல்லைக் காட்டிக்கொண்டு உள்ளே போனான். அவள் சிவசைலத்தின் முழங்கையைப் பிடித்துப் பின்பக்கம் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்த் துவைக்கிற கல்லில் உட்கார வைத்தாள். கண் எரிந்தது. “கண்ண மூடுங்க. இறுக்கி மூடுங்க” என்று வாளித் தண்ணீரைச் சரித்தாள். கறுப்பு, கறுப்பாக ஓடி வாழைத் தூருக்குப் போனது. பாதிக்குமேல் பிடிக்கவில்லை, தலை கறுப்புமில்லாமல் வெளுப்புமில்லாமல் ஒரு மாதிரி ஆகியிருக்கும், இசக்கிமுத்து பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வான். மூடிய கண்ணுக்குள் சிவசைலம் அந்த வட்டங்களைத் தேடிப் பார்த்தார். இருந்தன. எங்கேயும் போய்விடவில்லை. பன்னிரண்டாயிரமும் அதனதன் குழிக்குள் அப்படியே இருந்தன, எந்த வேலியில் எந்தக் கரடி ஏறிக்கொண்டிருக்கிறதோ, யார் கண்டார்கள். பயமும் அவர் சொன்ன மாதிரியே இரண்டாகியிருந்தது. ஓடி வரும்போதே ஆகிவிட்டது. ஆனாலும் மனசு கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரி குதூகலமாக இருந்தது. கணக்கு எங்கேயோ இடித்தது. அப்புறம் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். இடது காதுக்கு மேலே அவள் விரல் தேய்த்தது. அரை மணி நேரமாக அரித்த இடம். “இனிமே தெனமும் ஊதுவானாம் அந்தச் சங்க” என்றாள் தலைக்கு மேலிருந்து. சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிற குரல். “தெனமும் இப்பிடி ஓடியாருவியளா?” சிவசைலம் தண்ணீர் வழிகிற முகத்தோடு, கண்ணைத் திறக்காமலே, மீசையை நன்றாக ஆட்டிச் சொன்னார்.

“எதுக்கு ஓடியாரணும்? இங்கனதான இருப்பேன்.”